பொம்மனஹள்ளியில் பச்சோந்தி: வேலியிலிருந்து வலைக்கூண்டு வரை

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே ஓர் இனம்தான். 1768-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் லாரென்டி என்ற இயற்கையியலாளர் இலங்கையின் பெயரைச் சேர்த்து அதற்குக் கமேலியோ சைலானிகஸ் என்று பெயரிட்டார். இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் தென்னிந்தியச் சமவெளிகளிலும் தக்காணப் பீடபூமியிலும் அது பரவியிருக்கிறது. தலையில் கூம்பிய கொண்டை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சுழலும் கண்கள், இடுக்கிபோல் இரு பிரிவாகக் கிளையைக் கவ்வும் விரல்கள், சுருளும் வால் ஆகியவை அதன் அடையாளம். வேலியில் தலையாட்டும் ஓணான் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பேச்சில் இரண்டும் கலந்துபோனதால் ஓணானைப் பற்றிய கதையெல்லாம் பச்சோந்தியின் தலையிலும், பச்சோந்தியைப் பற்றிய பயமெல்லாம் ஓணானின் தலையிலும் விழுந்தன.

பெங்களூரின் தென்கிழக்கே ஓசூர் சாலையை ஒட்டியிருக்கும் பொம்மனஹள்ளி நீண்ட காலம் கேழ்வரகும் அவரையும் விளைந்த கிராமமாகவே இருந்தது. அருகிலுள்ள பேகூரில் கிடைத்த, கி.பி. 890-ஐ ஒட்டிய கங்கர் காலத்து நடுகல்லில்தான் 'பெங்களூரு' என்ற பெயர் முதன்முதலாக வருகிறது. மடிவாளம், அகரம், ஹுளிமாவு ஏரிகளும் அவற்றின் கரைப் புதர்களும் இந்தப் பக்கத்தின் பழைய முகம். நிலத்துக்கு நிலம் இடையில் கள்ளி, கத்தாழை, புங்கை, 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்து நாடெங்கும் அடர்ந்துவிட்ட உன்னிச்செடி ஆகியவை வேலியாக நின்றன. பச்சோந்திக்கு இதைவிட ஏற்ற இடம் கிடையாது. வேலிக்குள் நிழல் உண்டு, மேல்கிளையில் வெயில் உண்டு, பூவைத் தேடி வரும் பூச்சிகள் உண்டு, விடிகாலையில் இலைநுனியில் பனித்துளி உண்டு. முட்டையிட அடியில் மண்ணும் உண்டு. பின்னாளில் அதைக் கூண்டில் வளர்க்க முயன்றவர்கள் பணம் செலவழித்துத் திரும்ப உருவாக்கப் பார்த்தது இந்த ஐந்தையும்தான்.

அந்த வேலியருகே வாழ்ந்த மக்களுக்குப் பச்சோந்தியை வளர்க்கும் வழக்கம் இருந்ததில்லை. கிளி வளர்த்தார்கள், மைனா வளர்த்தார்கள், கௌதாரியைக் கூண்டில் வைத்தார்கள், சேவலைப் பழக்கினார்கள். பச்சோந்தியைத் தொட்டவர் யாருமில்லை. கன்னடத்தில் கோசும்பெ, ஊசரவள்ளி என்ற பெயர்கள் கட்சி மாறும் அரசியல்வாதிக்கு வசவாகவே வழங்குகின்றன. தமிழிலும் அதே கதைதான். அதன் எச்சிலில் விஷம் உண்டு, கடித்தால் பிழைக்க முடியாது என்ற நம்பிக்கை தென்னிந்தியாவின் பல பகுதிகளில் இன்றும் இருக்கிறது. உண்மையில் அதற்கு விஷமே கிடையாது. ராமனுக்கு அணில் உதவியது, ஓணான் அவமானம் செய்தது என்ற நாட்டுப்புறக் கதையைச் சொல்லிக்கொண்டே தமிழ்நாட்டுச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓணானைக் கல்லால் அடித்திருக்கிறார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்ற பழமொழியே, வலியப் போய் வம்பை வாங்குவதற்கு இந்தப் பிராணியைத்தான் உதாரணம் காட்டுகிறது. அதை மடியில் வைக்கத் தகுந்ததாக யாரும் நினைக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

புராணங்கள் அதற்குச் சற்று மரியாதை தந்திருக்கின்றன. வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில், மருத்த மன்னனின் வேள்விக்கு ராவணன் வந்தபோது தேவர்கள் அஞ்சி விலங்குகளின் உருவில் ஒளிகிறார்கள். இந்திரன் மயிலாகவும் யமன் காகமாகவும் வருணன் அன்னமாகவும் மாற, குபேரன் ஓணானையும் பச்சோந்தியையும் குறிக்கும் ஓந்தியாக மாறுகிறான். ஆபத்து நீங்கிய பிறகு ஒவ்வொருவரும் தமக்கு அடைக்கலம் தந்த இனத்துக்கு வரம் தருகிறார்கள். குபேரன் ஓந்திக்குப் பொன்னிறத்தைத் தருகிறான். பாகவதத்தில் நிருகன் என்ற மன்னன், ஒருவருக்குக் கொடுத்த பசுவை அறியாமல் மற்றொருவருக்கும் தானம் செய்த குற்றத்தால் பாழுங்கிணற்றில் ஓந்தியாகக் கிடந்து கண்ணனால் விடுதலை பெறுகிறான். முதல் கதையில் நிறம் வரமாக வருகிறது. இரண்டாவதில் அந்த உடம்பே தண்டனையாக இருக்கிறது. ஊர் நினைவில் நிலைத்தது என்னவோ இரண்டாவதுதான்.

பச்சோந்தியைக் கூண்டில் வைத்துப் பார்க்கும் ஆசை மத்தியதரைக் கடல் நாடுகளில் பிறந்தது. அரிஸ்டாட்டில் அதை அறுத்துப் பார்த்து உள்ளுறுப்புகளை விவரித்திருக்கிறார். நான்கு நூற்றாண்டுகள் கழித்து ரோமின் பிளினி, அது உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றை மட்டுமே உட்கொள்கிறது என்று எழுதிவைத்தார். இந்தப் பிழை 1500 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்ததற்குக் காரணம் உண்டு. பச்சோந்தி பல நாள் பட்டினி தாங்கும். நாக்கு நீண்டு பூச்சியை இழுப்பது கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் ஓடும் துளியைத்தான் நக்கும். கூண்டில் சோறும் தண்ணீரும் வைத்து உட்கார்ந்திருந்தவருக்கு அது காற்றைக் குடித்துத்தான் வாழ்கிறது என்று தோன்றியதில் வியப்பில்லை.

1669-இல் பாரிஸின் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த குளோது பெரோ, எகிப்திலிருந்து வந்த ஒரு பச்சோந்தியைக் கூர்ந்து பார்த்து, இறந்தபின் அறுத்து, விரிவான விவரணையை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அதே நகரில் நாவலாசிரியை மாதலேன் த ஸ்குதெரி வீட்டில் பச்சோந்திகளை வளர்த்தார். அவற்றின் கதையை 1688-இல் அச்சிட்டார். செல்லப்பிராணியாகப் பச்சோந்தியை வளர்த்ததற்கு இவ்வளவு விரிவான பழைய பதிவு அபூர்வம். ஆனால் பாரிஸின் குளிரில் அவை நெடுங்காலம் வாழவில்லை. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய வீடுகளுக்கும் விலங்குக்காட்சி சாலைகளுக்கும் வந்த பச்சோந்திகளின் கதை இப்படித்தான் முடிந்தது. 1890-களில் அமெரிக்க நகரங்களில் 'பச்சோந்தி' என்ற பெயரில் வேறொரு சிறு பல்லியைச் சங்கிலியில் கட்டி உடையில் குத்திக்கொள்ளும் மோகம் கிளம்பியது. விலங்குநலச் சங்கங்கள் கண்டித்தன.

பிரிட்டிஷ் இந்தியாவில் பச்சோந்தி ஆய்வாளர்களின் மேசைக்கு வந்தது. 1864-இல் ஆல்பர்ட் குந்தரின் பிரிட்டிஷ் இந்திய ஊர்வன நூலிலும், 1935-இல் மால்கம் ஸ்மித் எழுதிய பல்லிகள் தொகுதியிலும் அதற்கு இடம் கிடைத்தது. அந்த நூல்கள் செதில்களை எண்ணின; கூண்டில் ஏன் சாகிறது என்ற கேள்விக்குள் அவை போகவில்லை.

அதற்கான விடை விலங்கியலுக்கு வெளியிலிருந்து வந்தது. 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், எலும்பு வளைந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் புறஊதா ஒளியில் காட்டிக் குணப்படுத்தினார். அந்த ஒளியில் தோல் வைட்டமின் டி-யை உண்டாக்குகிறது, அந்த வைட்டமின் இருந்தால்தான் உடல் சுண்ணாம்புச் சத்தை எலும்பில் சேர்க்கும் என்பது பிறகு தெளிவாயிற்று. பகலெல்லாம் வெயில் காயும் பச்சோந்திக்கும் கணக்கு இதுவே. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும். புறஊதாவின் 'பி' பகுதியைத் தடுத்துவிடும். ஆகவே வெளிச்சமான ஜன்னலோரத்தில் கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்த பச்சோந்தி நன்றாக இருப்பதுபோல் தோன்றி, சில மாதங்களில் தாடை இளகி, முன்னங்கால் வளைந்து, கிளையைப் பற்ற முடியாமல் விழுந்தது. ஊர்வனவற்றுக்கென்றே புறஊதா 'பி' விளக்குகள் கடைக்கு வந்தது 1990-களில்தான். 2003-இல் அமெரிக்காவின் கேரி பெர்குசன் குழு மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியிடம் இன்னொன்றைக் கண்டது: தீனியில் வைட்டமின் டி குறைந்திருந்தால் அது புறஊதா ஒளியில் கூடுதல் நேரம் நிற்கிறது, போதுமானதாக இருந்தால் விலகிக்கொள்கிறது. எவ்வளவு வெயில் தேவை என்பது அதற்கே தெரிகிறது. வளர்ப்பவர் செய்ய வேண்டியது வெயில், நிழல் இரண்டையும் கைக்கெட்டும்படி வைப்பது.

இந்த அறிவோடு சேர்ந்து ஏமனிலும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மலைகளிலும் வாழும் முக்காட்டுப் பச்சோந்தி சந்தைக்கு வந்தது. தலையில் உயர்ந்த கொண்டையும் இலையையும் தின்னும் பழக்கமும் உள்ள இனம் அது. பகல் சூட்டையும் இரவுக் குளிரையும் தாங்கும், ஒரு தடவைக்குப் பல பத்து முட்டைகள் இடும். கூண்டிலேயே பெருகியதால் உலகச் செல்லப்பிராணிக் கடைகளில் பச்சோந்தி என்றாலே இதுதான் என்றாயிற்று. பெங்களூருக்கு வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் இதுவே.

இதற்கிடையில் இந்தியச் சட்டம் வேலிப் பச்சோந்தியின் நிலையை மாற்றிவிட்டிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தன் அட்டவணையில் சேர்த்தது. அந்தச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டை என்றே பொருள்படும். 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணை விலங்குகளின் வேட்டைக்கு இருந்த உரிமமுறையை எடுத்துவிட்டது. ஆகவே பொம்மனஹள்ளியிலோ ஓசூரிலோ வேலியில் கிடைத்த பச்சோந்தியைப் பிடித்து வீட்டில் வைப்பது, எவ்வளவு அன்பாக வைத்தாலும், குற்றம். 1976-இல் இந்தியா அழிவபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் சேர்ந்தது. பச்சோந்தி இனங்கள் பெரும்பாலும் அதன் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன.

வெளிநாட்டு இனங்களின் விஷயத்தில்தான் சட்டம் அரை நூற்றாண்டு தூங்கியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய விலங்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அனுமதியில்லாமல் கொண்டுவந்ததை எல்லையில் சுங்கத்துறை பிடிக்கலாம். விமான நிலையத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் கேட்க ஆளில்லை. உள்ளூர்ப் பச்சோந்தியை மடியில் வைத்தால் சிறை, ஏமன் பச்சோந்தியை வரவேற்பறையில் வைத்தால் பெருமை என்ற விசித்திரம் இப்படி உண்டானது. மென்பொருள் சம்பளமும் இணையக் குழுக்களும் பாங்காக் விமானங்களும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்த பெங்களூர் இந்த ஓட்டையை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

பொம்மனஹள்ளியின் முகமும் அதே காலத்தில்தான் மாறியது. 1970-களின் இறுதியில் தெற்கே எலக்ட்ரானிக் சிட்டி தொடங்கியது. ஓசூர் சாலையின் இருபுறமும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடி வந்து குடியேறின. தனி நகராட்சியாக இருந்த பொம்மனஹள்ளி 2007-இல் பெங்களூர் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. சாலைக்கு மேலே 2010-இல் மேம்பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்து ஊருக்கே ஒரு நிலையமும் கிடைத்தது. கள்ளிவேலி நின்ற இடத்தில் காம்பவுண்டு சுவர் எழுந்தது. பச்சோந்தி சுவரில் வாழாது. பல்லிக்கும் ஓணானுக்கும் சுவர் போதும். கிளையைக் கவ்வும்படி அமைந்த அதன் கால்களுக்குப் புதர் வேண்டும், புதருக்குப் புதர் தொடர்ச்சியும் வேண்டும்.

2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு விலங்கு வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படாது என ஓர் அறிவுரை வெளியிட்டது. இது பொதுமன்னிப்பு என்று சிலர் பாராட்டினார்கள், கடத்தலுக்கு வெள்ளையடிப்பு என்று சிலர் கண்டித்தார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் பட்டியலிலுள்ள வெளிநாட்டு இனங்கள் அதன் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாகின. விண்ணப்பம் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் போகிறது. கைமாற்றம், குஞ்சு பொரிப்பு, இறப்பு எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 ஜனவரியில், பாங்காக்கிலிருந்து கெம்பேகவுடா விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணிகளின் பெட்டிகளில் 4 குரங்குகளும் 14 ஊர்வனவும் இருப்பதை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் கண்டார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துப் போனபோது பெங்களூரில் ஒரு பண்ணை வீட்டில் மேலும் 139 விலங்குகள் கிடைத்தன. அனகொண்டா, பந்து மலைப்பாம்பு, இகுவானா, நைல் உடும்பு ஆகியவற்றோடு முக்காட்டுப் பச்சோந்தியும் அந்தப் பட்டியலில் இருந்தது. மீட்கப்பட்டவை பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. பொம்மனஹள்ளியிலிருந்து தென்மேற்கே, பன்னேர்கட்டா சாலையின் கடைசியில் இருக்கும் பூங்கா அது. நகரின் ஆசைகள் பிடிபட்டபின் போய்ச் சேரும் முகவரியாகவும் அது ஆகிவிட்டது.

பதிவு பெற்ற வெளிநாட்டுப் பச்சோந்தியைக் கோடையில் வெளியில் வைக்கும் முறை, உலகின் பல நகரங்களில் கற்றதும் பெங்களூரின் வானிலையும் சேர்ந்து உருவானது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கும் இந்த ஊர் இதற்குச் சென்னையைவிட எளிது. ஜனவரி இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும். ஏப்ரல் பகல் சராசரியாக 34 டிகிரியை ஒட்டி ஏறும். ஏமன் மலைகளிலிருந்து வந்த இனத்துக்கு இது அந்நியமல்ல. ஆனால் 2016 ஏப்ரலில் நகரம் 39 டிகிரியைத் தாண்டியது. மொட்டைமாடித் தளம், தகரக் கூரை, கண்ணாடி பதித்த எதிர்வீட்டுச் சுவர் ஆகியவற்றின் அருகே சூடு இன்னும் கூடும். கென்யா மலைக்காட்டின் மூன்று கொம்பு ஜாக்சன் பச்சோந்திக்கு 30 டிகிரியே அதிகம். அதற்குப் பெங்களூர்க் கோடை ஒத்துவராது.

காலை ஏழிலிருந்து பத்து வரையிலான வெயிலே உகந்தது. விடிந்ததும் பச்சோந்தி கருத்திருக்கும்; உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, அகன்ற விலாவைச் சூரியனுக்குக் காட்டும். வெயில் படும் பக்கம் கரும்பழுப்பாகவும் மறுபக்கம் வெளிர்பச்சையாகவும் இருப்பதை அப்போது பார்க்கலாம். சூடேறியதும் நிறம் வெளுக்கும், கிளைக்குள் நகரும். வெளுத்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு எல்லை மீறிவிட்டது. உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயில் படும் கிளையில் 30, 32 டிகிரி, உள்கிளையில் அதைவிட நான்கைந்து குறைவு என்பது முக்காட்டு இனத்துக்கு ஏற்ற அளவு. கூண்டு வைத்த இடத்தில் நிழல் இருக்கிறதே என்று அலுவலகம் போய்விடுவதில்தான் பெரும்பாலான சாவுகள் நடக்கின்றன. எட்டு மணி நிழல் பதினொரு மணிக்கு அங்கே இருக்காது. கூண்டின் பாதியையாவது மேலிருந்தும் மேற்கிலிருந்தும் மூடும் பச்சை நிழல்வலையும், உள்ளே அடர்ந்த செடியும் எந்த நேரத்திலும் ஒதுங்க இடம் தரும். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் விடுவது அடுப்பில் வைப்பதற்குச் சமம். சில நிமிடமே போதும்.

கூண்டின் எல்லாப் பக்கமும் வலையாக இருந்தால் காற்று ஓடும், சூடு தங்காது. ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையை எலி ஒரே இரவில் கடித்துவிடும். துத்தநாகம் பூசிய கம்பிவலையே நிற்கும், அதன் முனைகள் நகத்தைக் கிழிக்காமல் மடித்திருக்க வேண்டும். வலையின் வெளிப்புறத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் பச்சோந்தி உள்ளிருந்தே நாக்கை எறியும். கம்பியில் ஒட்டி இழுபட்ட நாக்கு மறுபடி வேலை செய்யாமல் போவதுண்டு. இதற்காகவே அனுபவசாலிகள் அமரும் கிளையை வலையிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் கட்டுவார்கள். காகம் வெளியிலிருந்து கொத்தும், பூனை கூண்டைச் சாய்க்கும், வைரியும் பருந்தும் மேலே வட்டமிடும். பன்னேர்கட்டாவுக்கு அருகே குரங்கும் வரும். கூண்டுக்குள் நுழைய முடியாவிட்டாலும் அவற்றின் உருவமே பச்சோந்தியை அஞ்சவைக்கும். கறுத்து, தீனி மறுத்து, நாள்கணக்கில் சுருண்டிருக்கும். இன்னொரு பச்சோந்தி கண்ணில் படுவதும் அப்படியே. அது தனித்து வாழும் இனம். எறும்பு சத்தமில்லாத எதிரி. கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம் சமையலறைகளில் சர்க்கரை டப்பாவுக்குச் செய்யும் அதே வேலை.

பெங்களூருக்கே உரிய ஆபத்து ஒன்று மாலையில் தெருவில் வரும் கொசுமருந்துப் புகை. பூச்சியைக் கொல்லும் மருந்து பூச்சி தின்னியையும் விடாது. புகை வண்டியின் சத்தம் கேட்டால் கூண்டு உள்ளே போக வேண்டும். அந்தப் புகை பட்ட தோட்டத்து வெட்டுக்கிளியைப் பிடித்துப் போடுவதும் கூடாது. தீனிக்குச் சுவர்க்கோழியும் கரப்பானும் வளர்த்துக் கொடுப்பது வழக்கம். சுண்ணாம்புச் சத்து குறைந்த இந்தப் பூச்சிகளின் மேல் கால்சியம் பொடியைத் தூவ வேண்டும். உலகெங்கும் பச்சோந்தி வளர்ப்போர் உயர்ந்த தீனியாக மதிப்பது பட்டுப்புழு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமையகம் பொம்மனஹள்ளிக்கு அடுத்த சந்திப்பில் இருப்பதும், போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன அந்தச் சந்திப்பின் பெயரே சில்க் போர்டு என்பதும் தற்செயல்தான்.

பங்குனி, சித்திரையில் பிற்பகல் காற்று காய்ந்திருக்கும். காலையும் மாலையும் இலை நனையத் தெளித்து, மேலே தொங்கவிட்ட பாத்திரத்திலிருந்து சொட்டுச்சொட்டாக விழவிட்டால் அது நின்று நக்கும். கண் உள்வாங்கியிருந்தாலும், கழிவின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக மாறியிருந்தாலும் தண்ணீர் போதவில்லை. கூண்டுக்குள் செம்பருத்தி பாதுகாப்பான செடி. இலை தின்னும் முக்காட்டு இனத்துக்கு அரளியும் எருக்கும் நஞ்சு. பெண்ணுக்கு ஆண் துணையில்லாமலே முட்டை உருவாகும். ஒரு முழ ஆழத்துக்கு ஈர மணல் இல்லாவிட்டால் முட்டையைத் தேக்கி வைத்தே இறந்துபோகும். மே மாத மாலைகளில் ஆலங்கட்டியோடு இறங்கும் மழைக்குக் கூண்டை உள்ளே எடுக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மழை நாட்களில் வெளியில் வைப்பதில் பயனில்லை.

தப்பவிடாமல் இருப்பதும் பாதுகாப்பில் சேரும், அது பிராணியின் பாதுகாப்பு மட்டுமல்ல. 1972-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் கானியோஹே ஊரின் செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர் கென்யாவிலிருந்து வரவழைத்த ஜாக்சன் பச்சோந்திகளைப் பயணக் களைப்புத் தீர வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை மெல்ல நடந்து வெளியேறி, தீவின் ஈரக்காடுகளில் பெருகின. 1981-இல் கென்யா ஏற்றுமதியை நிறுத்தியபின் அமெரிக்கக் கடைகளுக்கு ஹவாயிலிருந்தே ஜாக்சன் பச்சோந்தி போகும் நிலை வந்தது; தீவுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் அது தின்பதாக இன்று அங்கே கவலைப்படுகிறார்கள். முக்காட்டுப் பச்சோந்தியும் புளோரிடாவிலும் ஹவாயின் மாவி தீவிலும் காலூன்றிவிட்டது. ஏமனின் வானிலைக்கு நெருங்கிய வானிலையும் உன்னிப்புதர்களும் உள்ள தக்காணத்தில் அது வெளியேறினால், உள்ளூர் இனத்தோடு ஒரே வேலிக்குப் போட்டியிடும்.

உள்ளூர்ப் பச்சோந்தி இந்தப் பக்கத்திலிருந்து முற்றிலும் போய்விடவில்லை. பன்னேர்கட்டா காட்டோரத்திலும் நகரைச் சுற்றியுள்ள புதர்நிலங்களிலும் அது இருக்கிறது. பெண் மண்ணில் குழிதோண்டி முட்டையிடக் கீழே இறங்கும் காலத்தில்தான் சாலையில் அடிபடுவதும் வீட்டு வாசலில் தென்படுவதும் அதிகம். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் ஆடி, காற்றில் அசையும் இலையைப்போல் நடிப்பதால் வாகனம் வருமுன் கடந்துவிட அதற்கு வேகம் போதாது. அப்படிக் கண்டால் ஒரு குச்சியை முன்னே நீட்டினால் தானாக ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் புதரில் குச்சியோடு வைத்தால் போதும். காயம்பட்டதை வனத்துறையிடமோ, 1996 முதல் பெங்களூரில் இயங்கும் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் கெங்கேரி வனவிலங்கு மருத்துவமனையிடமோ சேர்க்கலாம். அங்கே குணமானது பிடிபட்ட இடத்துக்கு அருகிலேயே விடப்படும். கடத்தலில் சிக்கிய ஏமன் பச்சோந்தியை இந்த மண்ணில் விட முடியாது. திருப்பி அனுப்புவதும் எளிதல்ல. அது கூண்டிலேயேதான் இருந்தாக வேண்டும்.